தரவு சொல்கிற அளவுக்கு மட்டும்: ஜி. ராஜசேகரனின் துகள் இயற்பியல்

தரமணியில் டைடல் பார்க்கைத் தாண்டி உள்ளே திரும்பினால் நிறைய நிறுவனங்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கேதான் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. உலகின் மிகச் சிறிய பொருள்களைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யோசித்துவரும் இடம் அது. துகள்களை மோதவிடும் முடுக்கி அங்கே கிடையாது, சுரங்கம் கிடையாது. அப்படியானால் அங்கே உட்கார்ந்து ஒருவர் எலக்ட்ரானைப் பற்றியும், மின்னூட்டமே இல்லாத, எதோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற துகளைப் பற்றியும் புதிதாக என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஜி. ராஜசேகரனின் வேலையில் இருக்கிறது. 1936இல் கமுதியில் பிறந்தவர். அணுசக்தித் துறை 1957இல் டிராம்பேயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் முதல் அணியில் சேர்ந்தார். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டாலிட்ஸ் என்ற இயற்பியலாளரிடம் முனைவர் பட்டம். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 1976இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1984இல் தரமணி. 2023இல் காலமாகும்வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

அவருடைய பெயர் நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். ராமனையும் சந்திரசேகரையும் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். நம்மோடு இதே பேருந்துச் சாலைகளில் நடமாடிய ஒருவர், நியூட்ரினோக்களின் நிறை பற்றி இன்று உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஒரு கட்டுரையை எழுதியிருக்கிறார் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அவர் ஆசிரியரிடமிருந்து தொடங்கலாம். எதிர்-கேயான் என்ற துகள் புரோட்டானோடு மோதுவதைப் பற்றி 1959இல் கணக்குப் போட்ட டாலிட்ஸும் அவருடைய சக ஆய்வாளர் துவானும், அந்த இரண்டும் சேர்ந்த எடைக்குச் சற்றுக் கீழே ஒரு குறுவாழ்வுத் துகள் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு ஆண்டில் பரிசோதனையில் அது தென்பட்டது. அதன் நிறை 1405 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். அதனால் பெயரே லாம்டா-1405. இதில் என்ன சிக்கல் என்றால், புரோட்டான் மாதிரி மூன்று குவார்க்குகள் (புரோட்டானுக்கு உள்ளே இருக்கும் இன்னும் சிறிய துகள்கள்) சேர்ந்த துகளா அது, அல்லது எதிர்-கேயானும் புரோட்டானும் (அல்லது நியூட்ரானும்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்கிற ஜோடியா என்று தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். 1967இல் டாலிட்ஸ், வாங், ராஜசேகரன் மூவரும் அது ஜோடியாக இருந்தால் எந்த விசை அதைப் பிடித்து வைக்கும் என்று ஒரு மாதிரிக் கணக்கு செய்து காட்டினார்கள். பிறகு ராஜசேகரன் தனியாகவும் இதைத் தொடர்ந்தார். துகள்கள் மோதிச் சிதறும் தரவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு துகள் இப்படிச் சேர்ந்த ஜோடியா, தனித் துகளா என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவரை உறுத்திய கேள்வி.

இந்த விவாதம் அவரோடு முடிந்துவிடவில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு குழு, குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் வன்விசையின் சமன்பாடுகளைக் கணினியில் நேரடியாகத் தீர்த்து, லாம்டா-1405 ஜோடிதான் என்பதற்கு வலுவான ஆதாரம் கொடுத்தது. ஒரு கேள்வி அரை நூற்றாண்டு உயிரோடு இருந்தது என்றால் அது நல்ல கேள்வி என்று அர்த்தம்.

எழுபதுகளில் மும்பையில் அவர் செய்த இரண்டு வேலைகளையும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்பது அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

1973இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், கார்கமெல் என்ற பெரிய குமிழி அறையில் (துகள்களின் தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் திரவத் தொட்டி) நியூட்ரினோக்களைச் செலுத்தினார்கள். வழக்கமாக ஒரு மியூவான்-நியூட்ரினோ அணுக்கருவில் மோதினால், அது மியூவானாக, அதாவது எலக்ட்ரானின் கனமான உறவுத் துகளாக, மாறி வெளியே வரும். ஆனால் சில படங்களில் மியூவானே இல்லை. நியூட்ரினோ மோதியிருக்கிறது, அணுக்கரு சிதறியிருக்கிறது, நியூட்ரினோ நியூட்ரினோவாகவே நழுவிப் போயிருக்கிறது. மின்னூட்டம் கைமாறாத இந்த வகை மோதலுக்கு நடுநிலை மின்னோட்டம் என்று பெயர். சலாமும் வெயின்பர்க்கும் மின்காந்த விசையையும் மென்விசையையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிய கோட்பாடு இதைத்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தது. (மென்விசை என்பது பள்ளிப் பாடத்தில் வலிமை குறைந்த அணுக்கரு விசை.)

எல்லாரும் செய்தது என்னவென்றால், சலாம்-வெயின்பர்க் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கிற ஒரே எண்ணைச் சரிபார்த்து, ஒத்துப்போகிறது என்று சொன்னது. ராஜசேகரனும் கே. வி. எல். சர்மாவும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். கோட்பாட்டை ஓரமாக வைத்துவிடுவோம். இப்படி ஒரு விசை இருந்தால் பொதுவாக அது எந்தெந்த வடிவங்களில் இருக்கலாம்? ஒவ்வொரு வடிவத்துக்கும் தரவில் என்ன தடயம் இருக்கும்? எந்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்த வடிவம் அடிபட்டுப் போகும்? இதைப் பொதுவான உறவுகளாக எழுதி வைத்தார்கள். கோட்பாடு சரியா என்று கேட்பதற்கு முன்னால், தரவு தன்னளவில் எவ்வளவு தூரம் பேசும் என்று பார்ப்பது இது. பரபரப்பான ஒரு கண்டுபிடிப்பு வந்த நேரத்தில் இந்த நிதானம் வருவது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்தது குவார்க்குகளின் மின்னூட்டம். புரோட்டானின் மின்னூட்டத்தை 1 என்று வைத்தால், மேல் குவார்க், கீழ் குவார்க் என்ற இரண்டு வகைகளில் மேல் குவார்க்குக்கு மூன்றில் இரண்டு, கீழ் குவார்க்குக்குக் கழித்தல் மூன்றில் ஒன்று என்று இப்போது பாடமாகவே படிக்கிறோம். எழுபதுகளில் ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் வேறு விதமாகச் சொன்னார்கள். ஒவ்வொரு குவார்க்கும் மூன்று வடிவங்களில் வரும், அவற்றுக்கு 'நிறங்கள்' என்று பெயர் (கண்ணுக்குத் தெரியும் நிறம் இல்லை). அந்த மூன்று நிறங்களில் மேல் குவார்க்கின் மின்னூட்டம் 0, 1, 1. கீழ் குவார்க்கின் மின்னூட்டம் -1, 0, 0. எல்லாம் முழு எண்கள். சராசரி போட்டுப் பாருங்கள்: மேலுக்கு மூன்றில் இரண்டு, கீழுக்குக் கழித்தல் மூன்றில் ஒன்று. பின்னம் சராசரியில் மட்டும்தான் வருகிறது.

சரி, பரிசோதனை எதைக் காட்டியது? வேகமான எலக்ட்ரானைப் புரோட்டானுக்குள் செலுத்தி அடிக்கும்போது, அது குவார்க் மின்னூட்டத்தின் வர்க்கத்தை அளக்கிறது. பின்ன மின்னூட்டம் என்றால் இரண்டு குவார்க்குக்கும் சேர்த்து வர்க்கச் சராசரி 5/18, அதாவது சுமார் 0.28. முழு எண் என்றால் 0.5. தரவு 5/18 பக்கம்தான் இருந்தது. முழு எண் குவார்க் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

1975இல் ராஜசேகரனும் பிரபீர் ராயும் அதை மறுபடி கணக்கிட்டார்கள். பதியும் சலாமும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். முழு எண் மின்னூட்டக் கோட்பாட்டில், குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவான் என்ற துகள்களுக்கும் மின்னூட்டம் உண்டு. அவை ஒளித்துகளோடு கலக்கின்றன. எலக்ட்ரான் ஒளித்துகள் வழியாகக் குவார்க்கை அடிக்கும்போது, குளுவான் வழியாகவும் ஒரு பங்கு வருகிறது. இரண்டையும் கூட்டினால், சராசரியிலிருந்து விலகி நிற்கிற பங்கு மட்டும் அதிவேக மோதலில் அடங்கிப்போய்விடுகிறது. மிஞ்சுவது சராசரி மின்னூட்டம். அதாவது முழு எண் குவார்க்கும் அந்தப் பரிசோதனையில் 5/18 என்றே காட்டும்! தீர்ப்புச் சொல்லும் என்று எல்லாரும் நம்பிய சாட்சி, உண்மையில் இந்த வழக்கில் எதுவும் பார்த்திருக்கவே இல்லை.

பின்ன மின்னூட்டம்தான் கடைசியில் நிலைத்தது, அதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதனால் அந்தக் கணக்கு வீண் என்று சொல்லிவிட முடியாது. எந்தப் பரிசோதனை உண்மையில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் என்று தேட வைத்தது அதுதான். சென்னைக்கு வந்த பிறகும் அவர் அந்தத் தேடலை விடவில்லை.

சென்னையில் அவருக்கு முன்பே ஒரு மண் பண்படுத்தப்பட்டிருந்தது. ஐம்பதுகளின் கடைசியில் மயிலாப்பூர் லஸ்ஸில் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் இந்தியா வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்தக் குழுவைப் பாராட்டிப் பேசியது நேருவின் காதுக்கு எட்டியது. அப்போது மாநில அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. 1984இல் அதன் இயக்குநராக ஈ. சி. ஜார்ஜ் சுதர்சன் வந்தார். மென்விசையின் வடிவத்தை 1957இல் மார்ஷாக்கோடு சேர்ந்து கண்டு சொன்ன அதே சுதர்சன், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ராஜசேகரன் இணை இயக்குநரானார். மென்விசையைப் பற்றி ஆழமாக யோசித்த இருவர் ஒரே கட்டடத்தில் இருந்த ஆண்டுகள் அவை.

தொண்ணூறுகளில் அவருடைய கவனம் நியூட்ரினோவுக்குத் திரும்பியது. சூரியனிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள், பூமியில் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக ஒரு நொடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகின்றன. உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகவும் போகின்றன. ஆனால் எலக்ட்ரான்-நியூட்ரினோக்களை எண்ணிப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தன. வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான்-நியூட்ரினோக்களும் குறைந்தன. காரணம், மூன்று வகை நியூட்ரினோக்கள் பயணத்தில் ஒன்று மற்றொன்றாக உருமாறுகின்றன. நிறை இருந்தால்தான் இப்படி மாற முடியும். 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகண்டேயும், 2001-2002இல் கனடாவின் சட்பரி ஆய்வகமும் இதை உறுதிசெய்தன. 2015இல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

அப்போது பலரும் கணக்கை எளிதாக்க இரண்டு நியூட்ரினோக்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மோகன் நாராயண், எம். வி. என். மூர்த்தி, ராஜசேகரன், எஸ். உமா சங்கர் ஆகியோர் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மூன்று இருந்தால் மூன்று கலப்புக் கோணங்கள், அதாவது எது எதோடு எவ்வளவு கலக்கிறது என்று சொல்லும் எண்கள். ஒன்று சூரியப் பிரச்சினையை ஆள்கிறது, ஒன்று வளிமண்டலப் பிரச்சினையை. மூன்றாவது கோணம் இரண்டையும் இணைக்கிற கொக்கி. பிரான்சில் ஷூஸ் அணு உலைக்குப் பக்கத்தில் நடந்த பரிசோதனையில் நியூட்ரினோ எதுவும் காணாமல் போகவில்லை என்று முடிவு வந்தவுடன், 1998இல் நாராயண், ராஜசேகரன், உமா சங்கர் மூவரும் அந்த மூன்றாவது கோணம் சிறியதாகவே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். எதுவும் நடக்கவில்லை என்று சொல்லும் ஒரு பரிசோதனையிலிருந்து இவ்வளவு கறக்க முடிந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இனி அவருடைய மிகப் பெயர்பெற்ற கட்டுரைக்கு வரலாம். 2001இல் எர்னஸ்ட் மா என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து எழுதியது.

எலக்ட்ரான், மியூவான், டாவ் மூன்றும் ஒரே குடும்பம்தான். ஆனால் மியூவானின் நிறை எலக்ட்ரானைப் போல் 207 மடங்கு, டாவின் நிறை ஏறத்தாழ 3,480 மடங்கு. நியூட்ரினோக்களின் நிறைகளோ ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கலாம் என்று அப்போது தோன்றியது. ஒரே குடும்ப அமைப்பு ஒரு பக்கம் இவ்வளவு ஏற்றத்தாழ்வையும், மறுபக்கம் கிட்டத்தட்டச் சமத்தையும் எப்படித் தரும்?

இதை என் அக்கா மகளுக்கு விளக்க ஒருநாள் சப்பாத்தி மாவையும் தீக்குச்சியையும் எடுத்தேன். நான்கு மாவு உருண்டை, ஆறு குச்சி; சேர்த்தால் நான்முகி. ஆறு குச்சிகளையும் பார்த்தால், ஒன்றையொன்று தொடாத எதிரெதிர்க் குச்சிகள் மூன்று ஜோடி இருக்கும். ஒரு ஜோடிக்குச் சிவப்பு, அடுத்ததற்குப் பச்சை, மூன்றாவதற்கு நீலம் என்று ஸ்கெட்ச் பேனாவால் தீட்டினோம். ஒரு உருண்டையைப் பிடித்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கு திருப்பச் சொன்னேன். நான்முகி முன்பு நின்ற மாதிரியே நின்றது, நிறங்கள் மட்டும் நகர்ந்திருந்தன. “மாமா, மூணும் இடம் மாறிடுச்சு. சிவப்பு இருந்த இடத்துல பச்சை வந்துடுச்சு” என்றாள். சரி, இப்போது ஒரு ஜோடியின் நடுப்புள்ளிகளை இரண்டு விரலால் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பு என்றேன். இந்தத் தடவை எந்த நிறமும் இன்னொன்றின் இடத்துக்குப் போகவில்லை.

சும்மா விடுவதையும் சேர்த்து, நான்முகியை மாறாமல் வைத்திருக்கும் திருப்பல்கள் மொத்தம் பன்னிரண்டு. மூலையைப் பிடித்துத் திருப்புவது எட்டு, எதிர்க்குச்சிகளைப் பிடித்துத் திருப்புவது மூன்று, திருப்பாமல் இருப்பது ஒன்று. இந்தப் பன்னிரண்டின் தொகுப்புக்குக் கணிதத்தில் ஏ4 என்று பெயர். அதன் அழகு இதுதான்: மூன்று நிறங்களைப் போல ஒன்றுக்கொன்று சமமாக, சேர்ந்தே சுழலும் ஒரு மும்மை அதில் இருக்கிறது. அதோடு, யாரோடும் கலக்காமல் தனித்தனியாக நிற்கக்கூடிய மூன்று ஒற்றைகளும் இருக்கின்றன. எர்னஸ்ட் மாவும் ராஜசேகரனும் நியூட்ரினோக்கள் அடங்கிய இடதுகைத் துகள்களை மும்மையில் வைத்தார்கள். (துகளின் தற்சுழற்சி அது போகும் திசையோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்து இடதுகை, வலதுகை என்று பிரிக்கிறார்கள்.) எலக்ட்ரான், மியூவான், டாவின் வலதுகை வடிவங்களை மூன்று ஒற்றைகளில் வைத்தார்கள். மும்மை என்பதால் நியூட்ரினோக்கள் கிட்டத்தட்டச் சமம். ஒற்றைகள் தனித்தனி என்பதால் எலக்ட்ரானும் மியூவானும் டாவும் எந்த நிறையையும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்தச் சமச்சீரை, அதாவது திருப்பினாலும் மாறாத அந்தத் தன்மையை, மென்மையாக உடைத்து நியூட்ரினோக்களுக்குள் சிறு வேறுபாட்டைக் கொண்டுவந்தார்கள்.

மூன்று குடும்பங்கள் இருக்கும் உலகத்துக்கு, மும்மை உள்ள மிகச் சிறிய பொருத்தமான சமச்சீர் இது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஏ4 ஒரு துறையாகவே வளர்ந்தது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2012இல் சீனாவின் தயா பே பரிசோதனை அந்த மூன்றாவது கோணத்தை அளந்தது. அது சிறியதுதான், 1998 கட்டுரை சொன்ன மாதிரியே. ஆனால் பூச்சியம் இல்லை, எட்டரை டிகிரிக்குப் பக்கம். அந்தக் கோணம் பூச்சியம் என்று எதிர்பார்த்த எளிய ஏ4 மாதிரிகள் பல அன்றோடு அடிபட்டன. மற்றவை திருத்தப்பட்டு இன்றும் தொடர்கின்றன. மோகபாத்ரா, பரிதா ஆகியோரோடு ராஜசேகரன் செய்த இன்னொரு முயற்சியும் உண்டு: மிக உயர்ந்த ஆற்றலில் குவார்க்குகளின் கலப்பும் நியூட்ரினோக்களின் கலப்பும் ஒன்றாகவே இருந்து, கீழே இறங்கும்போது நியூட்ரினோக் கோணங்கள் மட்டும் பெரிதாகின்றன என்பது. எனக்கு இரண்டில் ஏ4தான் மனதுக்கு நெருக்கம்.

இவ்வளவும் காகிதத்தில் செய்தவர், காகிதம் மட்டும் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தியாவில் கோட்பாட்டாளர்கள் நிறைய, துகள் பரிசோதனை குறைவு. ஒரு காலத்தில் அப்படி இல்லை: 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் முதன்முதலில் பதிவான இடங்களுள் ஒன்று அமைந்திருந்தது. அந்தச் சுரங்கப் பரிசோதனைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நின்றன. அதைப் புதுப்பிக்கத்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்; அதற்காகத் தொடக்கத்திலிருந்தே பேசியவர்களில் ராஜசேகரன் முக்கியமானவர். 50,000 டன் காந்தமேற்றிய இரும்புத் தகடுகள், நடுநடுவே உணர்கருவிகள். காந்தம் எதற்கு என்றால், நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூவான் ஒரு பக்கம் வளையும், எதிர்-நியூட்ரினோவிலிருந்து பிறப்பது மறுபக்கம் வளையும். இரண்டையும் பிரித்து எண்ணினால், மூன்று நியூட்ரினோக்களில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசையைக் கண்டுபிடிக்கலாம்.

நீலகிரியின் சிங்காராவில் அனுமதி கிடைக்கவில்லை, புலிகள் காப்பகம் பக்கத்தில் இருந்தது. பிறகு தேனி மாவட்டம் போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். மலை, தண்ணீர், கதிர்வீச்சு பற்றிய பயம். நியூட்ரினோ யாரையும் எதுவும் செய்யாது என்பது உண்மை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடிவைத்துச் சுரங்கம் தோண்டுவது பற்றிய கேள்வி நியூட்ரினோவைப் பற்றியது இல்லை. அதற்குத் தனியாக, பொறுமையாக, தமிழில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலை சரியாக நடக்கவில்லை என்பது என் எண்ணம். வழக்குகள் வந்தன, தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது, வேலை நின்றுபோனது.

அதே நிறை வரிசைக் கேள்விக்காகச் சீனாவில் கட்டிய ஜூனோ உணர்கருவி 2025 ஆகஸ்ட்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது. போடி மலையில் வர இருந்த கருவியின் சிறிய முன்மாதிரி, 85 டன் இரும்போடு மதுரையில் அமைக்கப்பட்டது. வானத்திலிருந்து மழைபோல் இறங்கும் மியூவான்கள் அதன் தகடுகளுக்குள் நுழைந்து, காந்தத்தில் லேசாக வளைந்து, தடம் பதித்துவிட்டுப் போகின்றன.